பெற்றோரின் நேரமும் பிள்ளைகளின் படிப்பும்

பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாட்களில் நம்மவர்கள் இருவர் பள்ளிவாசல் வாயிலில் சந்தித்துக்கொண்டால், முதலில் எழும் கேள்வி, "உங்கள் பிள்ளை எங்கே டியூஷன் படித்தான்?" என்பதேயாகும். ஆசிரியர் யார், மாதம் எத்தனை வெள்ளி, வாரத்தில் எத்தனை நாள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். "நீங்கள் வீட்டில் அவனோடு எவ்வளவு நேரம் இருந்தீர்கள்?" என்று கேட்பவர் மிகவும் அரிது. கேட்டாலும் அதற்குப் பதில் கூற நம்மில் பலருக்கு நா எழாது. எனினும் கேட்டே தீரவேண்டிய கேள்வி அதுதான் என்று நாம் கருதுகிறோம்.

சிங்கப்பூரில் நம் சமூகத்தவரின் பிழைப்பு பெரும்பாலும் கடையைச் சுற்றியே வளர்ந்து வந்திருக்கிறது. ஒட்டுக்கடை, சாப்பாட்டுக் கடை, துணிக் கடை, நாணய மாற்றுக் கடை என்று நம் முன்னோர் நடத்திய தொழில்கள் எல்லாமே நேரத்தை விழுங்கும் தொழில்கள். அவர்களுள் பலர் மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கப்பலேறிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பியவர்கள். தகப்பன் வீட்டு வாசலில் வந்து நிற்கையில், "யாரோ வந்திருக்கிறார்கள் உம்மா!" என்று பிள்ளை உள்ளே ஓடிய கதைகள் நம் குடும்பங்களில் ஏராளம். கடல் இடையில் இருந்தது. வேறு வழி இருக்கவில்லை.

இன்று கடல் இடையில் இல்லை. குடும்பம் அடுக்குமாடி வீட்டில் கூடவே இருக்கிறது. ஆயினும், பிள்ளை எழுந்திருக்குமுன் கடைக்குப் போய், பிள்ளை உறங்கியபின் வீடு திரும்பும் தகப்பன்மார் நம்மிடையே இன்னும் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்ப்போர் நிலையும் வெகுவாக மாறிவிடவில்லை. உடல் வீட்டில் இருக்கும். கண் கைத்தொலைபேசியில் இருக்கும். தாயும் தந்தையும் வேலைக்குப் போகும் குடும்பங்களில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பணிப்பெண்ணோ தொலைக்காட்சியோ என்றாகிவிட்டது.

கல்வியின் அருமை நம் முன்னோருக்குத் தெரியாமல் இல்லை. 1946ஆம் ஆண்டிலேயே கடையநல்லூர் முஸ்லிம் லீக்கினர் இங்கு உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அது பின்னர் உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து 1982 வரை நடைபெற்றது. நாள் முழுவதும் நின்று உழைத்தவர்கள், தங்கள் வருவாயிலிருந்து கொடுத்து அப்படியொரு நிலையத்தை நிறுவினார்கள் என்றால் அவர்களுடைய ஆர்வத்தை என்னென்பது! பள்ளிக்கூடமே போதாத காலம் அது. பள்ளியைக் கட்டுவதுதான் அன்று செய்யத்தக்க முதல் வேலை.

இப்போதோ பள்ளிக்குப் பஞ்சமில்லை. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் கட்டாயக் கல்விச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரே புளோக்கில் வசிக்கும் இரண்டு பிள்ளைகள் ஒரே பள்ளிக்கு, ஒரே வகுப்புக்கு, ஒரே ஆசிரியரிடம் போகிறார்கள். ஒருவன் முன்னேறுகிறான், மற்றவன் பின்தங்குகிறான். அவரவர்க்கு அல்லாஹ் அளித்த அறிவு வேறு வேறு என்று சொல்லி விட்டுவிடலாமா? ஓரளவுக்கு அது உண்மையே. ஆனால் முழு உண்மை அன்று.

இவ்விஷயத்தைப் பிற நாடுகளில் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அமெரிக்காவில் ஜேம்ஸ் கோல்மன் என்பவர் தலைமையில் ஒரு குழு பல லட்சம் மாணவர்களைப் பரிசோதித்து 1966இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. பள்ளிக் கட்டடம், புத்தகம், ஆய்வுக்கூடம் முதலியவற்றில் உள்ள ஏற்றத்தாழ்வைக் காட்டிலும், பிள்ளை பிறந்து வளரும் குடும்பச் சூழ்நிலையே அவன் கற்கும் அளவோடு நெருங்கிய தொடர்பு உடையது என்று அக்குழுவினர் கண்டனர். பள்ளிகளுக்குப் பணம் கொடுத்தால் போதும் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது பெரும் அதிர்ச்சியாக இருந்தது.

'குடும்பச் சூழ்நிலை' என்றால் பணமா? பணமும் உண்டு, மறுக்க முடியாது. ஆனால் பணத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் மிஞ்சி நிற்பது ஒன்று இருக்கிறது. 2009இல் பல நாடுகளிலுள்ள 15 வயது மாணவர்களுக்கு நடத்தப்பட்ட 'பீசா' பரீட்சையின்போது, ஜெர்மனி, இத்தாலி, கொரியா, ஹாங்காங், கத்தார் உள்ளிட்ட 14 இடங்களில் பெற்றோரிடமும் சில கேள்விகள் கேட்கப்பட்டன. "உங்கள் பிள்ளை முதல் வகுப்பில் இருந்தபோது அவனோடு சேர்ந்து புத்தகம் படித்தீர்களா?" என்பது அவற்றுள் ஒன்று. வாரத்தில் ஓரிரு முறையேனும் படித்தோம் என்று சொன்ன பெற்றோரின் பிள்ளைகள், அரிதாகப் படித்தோரின் பிள்ளைகளைவிட, வாசிப்பில் சராசரியாக 25 புள்ளிகள் கூடுதலாகப் பெற்றிருந்தனர். குடும்ப வசதியைக் கணக்கிட்டுக் கழித்த பின்னரும் 14 புள்ளிகள் வேறுபாடு இருந்தது. அப்பரீட்சையில் நடுத்தர மதிப்பெண் ஏறத்தாழ 500. ஆகவே 14 என்பது மலையளவு அல்ல. ஆனால் முதல் வகுப்பில் மடியில் உட்கார்த்திப் படித்துக் காட்டியவற்றின் சுவடு பதினைந்தாம் வயதிலும் தெரிகிறது என்பது சாமானியமா?

வேறொரு செய்தியையும் மறைக்காமல் சொல்லிவிடுவோம். 2015இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், 3 முதல் 11 வயது வரையுள்ள பிள்ளைகளோடு தாய் இருக்கும் மணிக்கணக்குக்கும், அப்பிள்ளைகளின் படிப்புக்கும் நடத்தைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் காணப்படவில்லை. வேலைக்குப் போகும் தாய்மார்களை ஓயாமல் குறை கூறிக்கொண்டிருப்போர் இதைச் சற்று நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அதே ஆராய்ச்சியில், 12 வயதைக் கடந்த பிள்ளைகள் விஷயத்தில், தாய் அவர்களோடு பேசியும் பழகியும் செலவிட்ட நேரம் கூடுதலாக இருந்த இடத்தில் தவறான நடத்தை குறைந்திருந்தது. நம் வழக்கமோ இதற்கு நேர்மாறானது. தொடக்கப்பள்ளியில் கையைப் பிடித்துக்கொண்டே திரிவோம், இறுதித் தேர்வு முடிந்து உயர்நிலைக்குப் போனதும், "இனி அவன் பெரியவன், அவனே பார்த்துக்கொள்வான்" என்று கைகழுவிவிடுவோம். கை தேவைப்படும் வயதே அதுதான்.

ஆக, எத்தனை மணி என்பதைக் காட்டிலும், அந்த நேரத்தில் நடப்பது என்ன என்பதே முக்கியம் என்றாகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் ஹார்ட், ரிஸ்லி என்னும் இருவர் 42 குடும்பங்களின் வீட்டுப் பேச்சை மாதம் ஒரு மணி நேரம் வீதம் இரண்டரை ஆண்டுகள் பதிவு செய்து, 1995இல் நூலாக வெளியிட்டனர். சில வீடுகளில் குழந்தையின் காதில் விழும் சொற்கள் மற்ற வீடுகளைவிடப் பன்மடங்கு அதிகம் என்று அவர்கள் சொன்னார்கள். 42 குடும்பங்களைக் கொண்டு அவ்வளவு பெரிய முடிவுக்கு வரலாமா என்று பிற்காலத்தில் பலர் ஆட்சேபித்தார்கள். அந்த ஆட்சேபணையில் நியாயம் உண்டு. பிறகு 2018இல், 4 முதல் 6 வயது வரையுள்ள 36 பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சி இதைச் சற்றுத் தெளிவாக்கிற்று. பெரியவர் எத்தனை சொற்களைப் பொழிந்தார் என்பதைவிட, பெரியவர் ஒன்று சொல்ல, பிள்ளை பதில் சொல்ல, மறுபடி பெரியவர் கேட்க என்று பேச்சு எத்தனை முறை கைமாறிற்று என்பதோடுதான் அப்பிள்ளையின் மொழித்திறனும், மொழிக்குரிய மூளைப் பகுதியின் செயலும் கூடுதல் தொடர்பு கொண்டிருந்தன.

இதை நம் வீட்டு நடப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள். நாம் பிள்ளைகளோடு பேசுவது எல்லாம் என்ன? "குளித்தாயா? சாப்பிட்டாயா? வீட்டுப் பாடம் முடிந்ததா? போனை வை! படு!" கட்டளைக்குப் பதில் தேவையில்லை. கேள்விக்கோ "ம்" என்று சொன்னால் போதும். இப்படி நாள் முழுவதும் பேசினாலும் பேச்சு ஒருமுறைகூடக் கைமாறவில்லை.

பிள்ளைகளோடு பேசுவது எப்படி என்பதற்கு நாம் வெளிநாட்டு ஆராய்ச்சியை மட்டும் தேடிப்போக வேண்டியதில்லை. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்குப் பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர். அவர் ஒரு சிட்டுக்குருவி வளர்த்தார்; அது இறந்துபோயிற்று. ஒரு சமூகத்தையே வழிநடத்தும் பொறுப்பைச் சுமந்திருந்த நாயகம் அவர்கள், அச்சிறுவரிடம் அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று விசாரித்தார்கள் என்பது புகாரியில் வரும் செய்தி. அவரைப் பெயர் சொல்லி விளித்து, அவருடைய உலகத்தில் எது பெரிதோ அதைப் பற்றிக் கேட்டார்கள். நம் வீட்டுப் பையனிடம் அவன் விளையாடும் பந்தாட்டத்தைப் பற்றியோ, அவனுடைய தோழன் பள்ளி மாறிப்போனதைப் பற்றியோ நாம் கடைசியாகக் கேட்டது எப்போது?

அதே அனஸ் (ரலி) அவர்கள், தாம் பணிவிடை செய்த அந்தப் பத்தாண்டுகளில் நாயகம் அவர்கள் ஒருமுறையேனும் தம்மைச் சீ என்று சொன்னதில்லை என்றும், ஏன் இதைச் செய்தாய், ஏன் செய்யவில்லை என்று கடிந்ததில்லை என்றும் கூறியிருக்கிறார்கள். திருக்குர்ஆனின் 31ஆம் அத்தியாயத்தில் லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்கு உபதேசம் செய்யும் பகுதியை ஓதாதவர் நம்மில் இல்லை. அதில் அவர்கள் மகனை அன்போடு மும்முறை விளிக்கிறார்கள். உபதேசத்தின் பொருளை நாம் விளங்கிக்கொண்டோம். அந்த விளிப்பின் தொனியைத்தான் விட்டுவிட்டோம். பேரரைக் கொஞ்சிக்கொண்டிருந்த நாயகத்தைப் பார்த்து, தமக்குப் பத்துப் பிள்ளைகள் இருந்தும் ஒருவரையும் முத்தமிட்டதில்லை என்று பெருமையாகச் சொன்ன அக்ரஃ என்பவருக்குக் கிடைத்த கண்டிப்பும் நாம் குத்பாக்களில் கேட்டறிந்ததே.

சரி, நேரத்துக்கு எங்கே போவது? இதற்கு நம் பழைய வழக்கமே ஒரு வழி காட்டுகிறது. ஊரில் மஃரிபு தொழுததும் வீட்டுக்கு வீடு விளக்கேற்றிப் பிள்ளைகளை ஓதவைப்பார்கள். இஷா வரை அந்த வீதி முழுவதும் பிள்ளைகளின் குரல்தான். இந்தச் சிங்கப்பூருக்கு ஆண்டவன் அளித்துள்ள ஒரு வசதியை நாம் கவனித்திருக்கிறோமா? பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் இங்கே ஆண்டு முழுவதும் மஃரிபு ஏழு மணியை ஒட்டியே வருகிறது. ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் இஷா வந்துவிடுகிறது. ஐரோப்பாவிலுள்ள முஸ்லிம்களைப் போலக் கோடையில் ஒரு நேரம், குளிரில் ஒரு நேரம் என்று அல்லாட வேண்டியதில்லை. ஒருமுறை ஏற்பாடு செய்துகொண்டால் பன்னிரண்டு மாதமும் அது மாறாது. அந்த நேரத்தில் தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் (பெற்றோருடையதும் சேர்த்துத்தான்) ஓரிடத்தில் கிடக்கட்டும். பத்து நிமிஷம் ஓதலாம். பிள்ளை தன் பாடத்தைச் செய்யட்டும். தாயோ தந்தையோ அதே மேசையில் தன் புத்தகத்தையோ கடைக்கணக்கையோ பார்க்கட்டும். பிறகு எல்லாரும் சேர்ந்து சாப்பிடலாம்.

சாப்பாட்டுக் கடைக்காரர்கள் இதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள் என்பது நமக்குத் தெரியும். மஃரிபுக்கும் இஷாவுக்கும் இடையில்தான் அவர்களுக்கு வியாபாரமே. அவர்களுக்குக் காலை இருக்கிறது. சுபுஹு தொழுதபின் பிள்ளை ஏழரை மணிக்குள் பள்ளியில் இருக்கவேண்டும். இடையில் உள்ள நேரத்தில் அவனோடு ஒரு ரொட்டியைப் பகிர்ந்து தின்று, பள்ளி வாயில் வரை நடந்து போய்விட்டு வரலாம். இரவு பன்னிரண்டுக்குப் படுத்தவர் மறுபடி எழுவது சிரமந்தான். பிள்ளையை விட்டுவிட்டு வந்து படுத்துக்கொள்ளட்டும். நடந்து போகும்போது பேசுவது பிள்ளைகளுக்கு, குறிப்பாகப் பதின்மூன்று பதினான்கு வயதுப் பையன்களுக்கு, எளிதாக இருக்கிறது. எதிரே உட்காரவைத்துக் கேட்டால் அவர்கள் வாய் திறப்பதில்லை.

பிள்ளையைக் கடைக்கு அழைத்துப்போவதும் கெட்ட காரியம் அல்ல. விலை, மீதிச் சில்லறை, கொள்முதல், லாபம் எல்லாம் கணக்குத்தானே! தொடக்கநிலை ஐந்து, ஆறில் பிள்ளைகள் திணறும் விழுக்காட்டையும் விகிதத்தையும் நாணய மாற்றுக் கடைப் பலகையைப் போல விளக்கக்கூடிய பாடநூல் எங்கே இருக்கிறது? விடுமுறையில் ஒரு மணி நேரம் போதும். இரவு பத்து மணி வரை கல்லாவுக்குப் பின்னால் அட்டைப்பெட்டியின் மீது உட்கார்ந்து தூங்கி வழியும் பிள்ளையைப் பற்றி நாம் பேசவில்லை, அது வேறு.

இனி வீட்டுப் பாட விஷயம். "எங்களுக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தக் காலத்துக் கணக்கும் விளங்கவில்லை, நாங்கள் என்ன சொல்லிக்கொடுக்க?" என்று கேட்கும் தாய்மார்கள் பலர். ஊரிலிருந்து மணமாகி வந்தவர்களுக்கு இது பெரிய மனக்குறை. அவர்களுக்கு நாம் சொல்வது: நீங்கள் சொல்லிக்கொடுக்கவே வேண்டாம். 2015இல் அமெரிக்காவில் முதல், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து நடந்த ஓர் ஆராய்ச்சியில், கணக்கைக் கண்டு அஞ்சும் பெற்றோர் அடிக்கடி வீட்டுக் கணக்கில் உதவிய இடத்தில்தான் பிள்ளைகள் குறைவாகக் கற்றார்கள். அவர்களையும் அந்த அச்சம் தொற்றிக்கொண்டது. அதிகம் உதவாமல் இருந்தபோது அக்கேடு காணப்படவில்லை. ஆகவே தெரியாததைத் தெரிந்ததுபோல் நடித்து, பிறகு பொறுமையிழந்து பிள்ளையின் தலையில் குட்டுவதால் யாருக்கும் பயனில்லை. மாறாக, "நீ இன்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடு" என்று கேளுங்கள். பிறருக்கு விளக்க முயலும்போதுதான் தனக்கு எது விளங்கவில்லை என்பது பிள்ளைக்கே தெரியவரும். அதைக் குறித்துவைத்து மறுநாள் ஆசிரியரிடம் கேட்கச் சொல்லுங்கள்.

உம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் தமிழ் தெரியும். அது சிறிய சொத்தா? 2010ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், இந்நாட்டில் வீட்டில் பெரும்பாலும் ஆங்கிலம் பேசுவோர் 32.3 விழுக்காடாக இருந்தனர், 2020இல் 48.3 ஆயினர். தமிழ் பேசுவோரோ 3.3 விழுக்காட்டிலிருந்து 2.5 ஆகக் குறைந்தனர். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வில் நான்கு பாடங்களில் தாய்மொழியும் ஒன்று. 2021 முதல் நடைமுறைக்கு வந்த முறைப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 1 முதல் 8 வரை அடைவுநிலை கொடுத்து நான்கையும் கூட்டுகிறார்கள். மிகச் சிறந்தது 4. அக்கூட்டலில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் ஒரே எடைதான். வாய்மொழித் தேர்விலோ ஒரு காணொளியைக் காட்டி, அதைப் பற்றி ஆசிரியரோடு உரையாடச் சொல்கிறார்கள். வீட்டில் தமிழில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியிராத பிள்ளை அங்கே என்ன செய்யும்? மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியத்தை ஒப்பித்துவிட்டு விழிக்கும். சமைக்கும்போது, "இந்தக் கறியில் ஏன் இஞ்சி போடுகிறோம் தெரியுமா?" என்று தொடங்கினாலே அது ஒரு தமிழ்ப் பாடம். துணைப்பாட வகுப்பில் இதற்கு மாதக் கட்டணம் வாங்குகிறார்கள்.

துணைப்பாடத்தை நாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பிள்ளை எங்கே இடறுகிறான் என்று தெரிந்து, அந்த ஒரு பாடத்துக்கு அனுப்பினால் நன்மை உண்டு. எதில் இடறுகிறான் என்றே அறியாமல் நான்கு பாடங்களுக்கும் அனுப்பினால், வார இறுதி மதரஸாவுக்கும் களைத்த பிள்ளைதான் வந்து சேரும்.

மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு நாம் பேசும் பேச்சிலும் கவனம் தேவை. 1998இல் டுவெக், முல்லர் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்களைக் கொடுத்து, முடித்ததும் சிலரை "நீ புத்திசாலி" என்றும், சிலரை "நன்றாக முயன்றாய்" என்றும் பாராட்டினார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள் வந்து இரு சாராரும் தடுமாறினர். அதன்பின் மறுபடி எளிய புதிர்களைக் கொடுத்தபோது, புத்திசாலி என்று பெயர் வாங்கியவர்கள் முன்னைவிட மோசமாகச் செய்தார்கள். முயற்சிக்காகப் பாராட்டப்பட்டவர்கள் முன்னேறினார்கள். "மாமி மகன் எவ்வளவு எடுத்திருக்கிறான் பார்!" என்று ஒப்பிடும் வழக்கத்தை யாரும் ஆராய வேண்டியதில்லை. அதன் பலனை எல்லாரும் அனுபவித்திருக்கிறோம்.

வீட்டில் பாட்டனாரோ பாட்டிமாரோ இருந்தால் அவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஊரில் கிணற்றடியில் நடந்ததையும், கப்பலில் வந்திறங்கியதையும், அந்நாளைய தஞ்சோங் பகாரையும் சொல்லக்கூடியவர்கள் இன்னும் சில ஆண்டுகளே நம்மோடு இருப்பார்கள். பிள்ளை ஒரு கைத்தொலைபேசியில் அதைப் பதிவு செய்து, தமிழில் ஒரு பக்கம் எழுதட்டும். நம்முடைய செய்தி மடலில் அத்தகைய கட்டுரைகளுக்கு எப்போதும் இடம் உண்டு.

கடைசியாகத் தகப்பன்மாருக்கு ஒரு கணக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு நாம் கடையை அடைக்கிறோம், அல்லது முறைவைத்துப் போய்வருகிறோம். அதனால் எந்தக் கடையும் நொடித்துப்போகவில்லை. வாடிக்கையாளர் ஒரு மணி நேரம் கழித்து வருகிறார். இருவர் மூவர் கூட்டாக நடத்தும் கடைகள் நம்மிடையே அநேகம். ஒருவர் திங்கள், வியாழன் மாலையும், மற்றவர் செவ்வாய், புதன் மாலையும் ஆறரை மணிக்கு வீட்டுக்குப் போவது என்று பேசி வைத்துக்கொள்ளலாம். கடைச் சிப்பந்திகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாள்காட்டியில் எழுதியும் மாட்டிவிட வேண்டும். ஊரில் குடும்பத்தை விட்டு வந்திருக்கும் சிப்பந்திக்கு அந்த முறையில் ஒரு மாலை கொடுத்தால், அவர் தம் பிள்ளையோடு தொலைபேசியில் முகம் பார்த்துப் பேசுவார். நம் ஏழு மணி அங்கே நாலரை. பிள்ளை பள்ளி விட்டு வீட்டுக்கு வந்திருக்கும் நேரம்.